காற்றுக்கு முன் மூடிய பெட்டி

அன்று காலை குளிரவில்லை. ஹனோவரில் ஜனவரி மாதத்தில் மேலங்கிப் பொத்தான் போடாமல் பஸ் தரிப்பிடம் வரை நடக்க முடிந்தால் யாரும் சந்தோஷப்படுவார்கள். நான் சந்தோஷப்படவில்லை. தென்மேற்கிலிருந்து ஈரமும் இளஞ்சூடுமான காற்று வந்துகொண்டிருந்தது. வானொலி ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஒரே அறிவிப்பைப் படித்தது. வடகடல் பக்கமிருந்து குளிர்காற்றின் முகப்பு ஒன்று நாட்டைக் கடக்கும். அதற்கு முன்னும் அதனோடும் மரங்களைச் சாய்க்கும் அளவுக்குக் காற்று வீசும். பிற்பகலில் வீட்டை விட்டு வெளியே போகவேண்டாம், மரங்களின் கீழும் கட்டடச் சாரங்களின் கீழும் நிற்கவேண்டாம், பயணங்களைத் தள்ளிப்போடுங்கள். நான் ஊரில் ஒரு நாளிதழில் செய்தி திருத்துபவனாக வேலை பார்த்தவன். விடியற்காலை அறிவிப்பில் ‘வீசக்கூடும்’ என்று இருந்தது. நான் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது ‘வீசும்’ என்று ஆகியிருந்தது.

அன்று பிற்பகல்தான் என் கீழ்வீட்டுக்காரரை அடக்கம் செய்வதாக இருந்தது.

அவர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவர்களில் ஒருவர். நானும் அவரும் ஒரே ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவர் மாவு பிசையும் இயந்திரத்தில், நான் பொதி செய்யும் பட்டியில். மார்புவலி என்று போனவர் ஆசுப்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. இங்கே ஒருவர் இறந்தால் உடனே புதைக்க முடியாது. பத்திரங்கள், இடம், பாதிரியார், எல்லாவற்றுக்கும் டெர்மின் எடுக்கவேண்டும், முன்கூட்டியே நாளும் நேரமும் குறிக்கவேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் அவர் சேமக்காலையில், கல்லறைத் தோட்டத்து மண்டபத்தின் குளிர் அறையில் இருந்தார்.

அவருக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே இரத்த உறவு அவருடைய அக்கா. தாய் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவர். பிந்தி வந்தவர் என்பதால் அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, டிரெஸ்டனுக்கு அப்பால் ஒரு சிறு ஊரின் விடுதியில் வைக்கப்பட்டிருந்தார். அனுமதி இல்லாமல் அந்த மாவட்டத்தைத் தாண்ட முடியாது. தாண்டினால் அபராதம், இரண்டாம் முறை வழக்கு. தம்பி இறந்ததும் அனுமதி கேட்டார். அடக்கம் நடக்கும் ஒரு நாளுக்கு மட்டும் கொடுத்தார்கள். அன்றிரவுக்குள் திரும்பிவிட வேண்டும். அவர் விடியுமுன் ரயில் ஏறியிருந்தார். மதியத்துக்குச் சற்றுப் பின் ஹனோவருக்கு வந்துவிடுவார். தம்பியின் முகத்தைப் பார்ப்பதற்கு அவருக்கு இருந்தது அந்த ஒரு நாளின் நடுவில் ஒரு துண்டுதான்.

எங்கள் ஆட்களில் கூடப்பிறந்தவர் பார்க்காமல் பெட்டி மூடுவதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

நான் மண்டபத்துக்குப் போனபோது இறந்தவரின் மனைவி சேமக்காலை அலுவலரோடு நின்றுகொண்டிருந்தார். அலுவலர் உயரமான ஜெர்மன்காரர், பச்சை மழையங்கி அணிந்திருந்தார், பொறுமையாகப் பேசினார். என்னைக் கண்டதும் மனைவி, “இவர் என்ன சொல்லுறார் எண்டு வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ, எனக்கு மண்டைக்குள்ளை ஒண்டும் ஏறேல்லை” என்றார்.

அலுவலர் சொன்னது இதுதான். நகரசபை எல்லாச் சேமக்காலைகளையும் மதியத்தோடு மூடச் சொல்லிவிட்டது. காற்றில் கிளை விழுந்து ஆட்கள் சாகக்கூடாது. ஆகவே அடக்கத்தைக் காலையிலேயே முடிக்கவேண்டும், அல்லது அடுத்த வாரத்துக்குத் தள்ளவேண்டும்.

“தள்ளினா பெட்டியைத் திரும்பத் திறப்பினமோ?”

நான் கேட்டேன். பெட்டிக்குப் பொறுப்பான நிறுவனத்து ஆள் இல்லை என்று தலையை ஆட்டினார். இவ்வளவு நாள் ஆகிவிட்டது. இன்றைக்குப் பிறகு திறக்க முடியாது.

“அப்ப தள்ளி என்ன பிரயோசனம்” என்றார் மனைவி. “மச்சாள் மூடின பெட்டியைப் பாக்கவே வரப்போறா? அதுக்கும் அவங்கள் திரும்ப அனுமதி குடுக்கவேணும்.” பிறகு என்னிடம், “பன்னிரண்டு மணி மட்டும் திறந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கோ. கெஞ்சிக் கேளுங்கோ” என்றார்.

கெஞ்சத் தேவை இருக்கவில்லை. அலுவலர் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பன்னிரண்டு மணிக்குப் பெட்டி மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் சரி என்றார். ரயில் கொஞ்சம் முந்தி வந்தால், நிலையத்திலிருந்து யாராவது காரில் கொண்டுவந்தால், அவர் பெட்டியருகே சில நிமிடம் நிற்கலாம். ஒருவரைக் காரோடு நிலையத்துக்கு அனுப்பினோம்.

இதற்கிடையில் ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். டோர்ட்முண்டிலிருந்து, பிரேமனிலிருந்து, ஒரு குடும்பம் பாரிஸிலிருந்து இரவு முழுக்கக் கார் ஓடி. எல்லாரும் வானொலி கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் வராமலிருப்பதுதான் புத்தி என்று தெரியும். கலியாணத்துக்குச் சொல்லவேண்டும், செத்த வீட்டுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. சொல்லாமலே வருகிறவனை வராதே என்று சொல்வதற்கு எங்களிடம் ஒரு முறை கிடையாது. நான் முதல்நாள் இரவு இரண்டு பேரைத் தொலைபேசியில் அழைத்து, காற்று மோசமாம் என்று மட்டும் சொன்னேன். “ஓமோம், அதுதான் வெள்ளனவா வெளிக்கிடுறம்” என்றார்கள் இருவரும்.

பெண்கள் மண்டபத்துக்குள் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள். செபமாலை நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் வெளியே நின்றார்கள். எந்தச் செத்த வீட்டிலும் ஆண்கள் வெளியேதான் நிற்பார்கள், அதுவும் நிழலில். நிழலுக்கு வேலை இல்லாத ஜனவரி மாதத்திலும் அவர்கள் தேடிப் போய் நின்றது மூன்று பெரிய ஊசியிலை மரங்களின் கீழே. மரங்களின் நுனிகள் ஏற்கெனவே ஒரே பக்கமாக வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தன.

அலுவலர் வந்து எல்லாரையும் உள்ளே போகச் சொன்னார். ஒருவரும் நகரவில்லை. மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

“அண்ணைமார், உள்ளை போகட்டாம். கொப்பு முறிஞ்சு விழுமாம்.”

“உள்ளை பொம்பிளையள் இருக்கினம்.”

“அதுக்கென்ன, அவையளென்ன கடிக்கிறவையே?”

பிரேமனிலிருந்து வந்த தடித்த மனிதர் சிகரெட்டைக் கையால் மறைத்துப் பற்றவைக்கப் பார்த்தார். மூன்றாம் முறையும் அணைந்தது. “ஷெல்லடிக்கை நிண்டனாங்களடாப்பா. இந்தக் காத்துக்குப் போய் ஒளிக்கிறதோ?”

“ஷெல்லடிக்கை நீ எங்கை நிண்டனி? முதல் சத்தத்துக்கே பங்கருக்குள்ளை பாயிற ஆளெல்லே. அதுதான் பங்கர், போ உள்ளை” என்று மண்டபத்தைக் காட்டினார் அவருடைய சகலன்.

சிரிப்பு எழுந்தது, செத்த வீட்டுச் சிரிப்பு, வாய் திறக்காமல் மூக்கால் வருவது. அதன் பிறகுதான் அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சுவரோரம் நின்றார்கள். பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள்.

பதினொரு மணிக்குச் சற்றுப் பின் மனைவியின் கைத்தொலைபேசி அடித்தது. பார்த்துவிட்டு, “மச்சாள்” என்று என்னிடம் நீட்டினார்.

“ஆர் பேசுறது?”

“மேல்வீட்டுக்காரன் அக்கா.”

“ஓ, தம்பி. ரெயின் நிண்டிட்டுது. முன்னுக்கு மரம் விழுந்து கிடக்காம்.”

“எந்த இடத்திலை நிக்கிறியள்?”

“தெரியாது. மக்டபேர்க் தாண்டியாச்சு. வெளியிலை வயலும் காத்தாடி மில்லுகளும். அதுகள் சுத்தாமல் நிக்குது.”

பலத்த காற்றில் அந்த இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது தெரியும், அவரிடம் சொல்லவில்லை.

“எப்ப எடுப்பாங்களாம்?”

“ஒருத்தரும் சொல்லுறாங்களில்லை. திருப்பிக் கொண்டுபோனாலும் போவினமாம் எண்டு பக்கத்திலை இருக்கிற பிள்ளை சொல்லுது.” ரயில் பெட்டிக்குள் யாரோ இருமும் சத்தம் கேட்டது. “மூடிப்போட்டியளே?”

“இல்லை. திறந்துதான் கிடக்கு. பன்னிரண்டு மட்டும் வைச்சிருப்பினம்.”

“பன்னிரண்டுக்கு நான் வர ஏலாது.”

மண்டபத்துக்குள் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. செபம் ஒரு செபமாலை மணியோடு நின்று, பிறகு தொடர்ந்தது. கூரையில் எங்கோ ஒரு தகரம் தட்டத் தொடங்கியிருந்தது. அலுவலர் கதவடியில் வந்து நின்றார். பெட்டி நிறுவனத்து ஆட்கள் இருவர் மூடியைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் கைகட்டி நின்றார்கள். அந்த மூடியைப் போடுங்கள் என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் வாய் வராது. மனைவி சொல்லமாட்டார். பாதிரியார் மனைவியைப் பார்த்தார், மனைவி தரையைப் பார்த்தார். ஒரு நூறு பேர் கண்ணாடிச் சன்னல்களுக்குப் பின்னால் நின்றபடி, ரயிலில் இருக்கும் ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்தோம். அவர் வரமாட்டார் என்றும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

“தம்பி, இருக்கிறியளோ?”

“ஓம் அக்கா.”

“நீங்கள் பெட்டிக்குப் பக்கத்திலையோ நிக்கிறியள்?”

“கிட்டத்தான்.”

“இன்னும் கிட்டப் போங்கோ. போனனீங்களோ? அவன்ரை முகம் வடிவாத் தெரியுதோ?”

“தெரியுது.”

“அப்ப சொல்லுங்கோ.”

“என்னத்தையக்கா?”

“முகத்தை. நீங்கள் பேப்பரிலை இருந்தனீங்கள் எண்டு அவன் சொல்லியிருக்கிறான். பாத்ததைப் பாத்தபடி சொல்லுவியளாம். அழாமல் சொல்லுங்கோ. நான் அங்கை வந்து நிக்கிற மாதிரிச் சொல்லுங்கோ.”

நான் சொன்னேன். மேலிருந்து தொடங்கினேன். தலைமயிரை வலப்பக்கம் வாரி விட்டிருக்கிறார்கள்.

“அவன் இடப்பக்கமெல்லோ வாருறவன்.”

“ஓம். மாறி வாரியிருக்கினம். காதுமடல் பக்கம் நரை. நெத்தியிலை சுருக்கம் இல்லை, எல்லாம் படுத்துப்போச்சு. இடப் புருவத்துக்கை ஒரு வெள்ளைக் கோடு.”

“வள்ளத்து முன் அணியம் அடிச்சது. அப்ப ஏழு வயசு.”

“கண் ரெண்டும் மூடியிருக்கு. வலக்கண் முழுக்க மூடேல்லை, நூல் அளவு திறந்திருக்கு. மூக்கு கொஞ்சம் கூராத் தெரியுது. கன்னம் உள்ளுக்குப் போயிருக்கு.”

“மீசை?”

“இல்லையக்கா. ஆசுப்பத்திரியிலை வழிச்சுப்போட்டினம். குழாய் வைச்சவை.”

நான் தொடர்ந்தேன். உதடு, மேலுதட்டில் மீசை இருந்த இடம் மட்டும் வெளுப்பு. நாடியில் சவரக் கத்தி பட்ட ஒரு சிறு கீறல், இரத்தம் இல்லை. நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு ரை.

“ரையோ? ஆர் கட்டினது?”

“பெட்டி நிறுவனத்து ஆக்கள் கட்டியிருக்கினம்.”

“இறுக்கமாக் கிடக்கோ?”

குனிந்து பார்த்தேன். முடிச்சு தொண்டைக்குழியில் இருந்தது. இறுக்கம்தான் என்றேன்.

“அவனுக்குக் கழுத்திலை ஒண்டும் முட்டக்கூடாது. சின்னனிலையே அப்பிடி. சங்கிலி போட்டாலும் கழட்டி எறிஞ்சுபோடுவான். தளர்த்திவிடச் சொல்லுங்கோ.”

நான் அவருடைய மனைவியிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து பெட்டிக்குள் கையை விட்டார். முடிச்சை இரண்டு விரலால் இழுத்தார், வரவில்லை. பெட்டி நிறுவனத்து ஆள் ஒருவர் உதவ முன்னால் வந்தார். மனைவி அவரைக் கையால் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் முடிச்சை அவிழ்த்து, ரையை உருவி எடுத்தார். சட்டையின் மேல் பொத்தானையும் கழற்றிவிட்டார். ரையைச் சுருட்டித் தன் கைப்பையில் வைத்தார்.

“எடுத்தாச்சு அக்கா. பொத்தானும் கழட்டியாச்சு.”

“இப்ப எப்பிடி இருக்கிறான்?”

“வேலையாலை வந்து படுத்தவர் மாதிரி.”

செய்தியில் நான் எப்போதும் வெட்டியெறிந்த வகை வாக்கியம் அது. ஆனால் உண்மையாகவே அப்படித்தான் இருந்தார்.

அப்போது மண்டபத்தின் கதவு தானாகத் திறந்து சுவரில் அறைந்தது. மெழுகுதிரிகள் அணைந்தன. அலுவலர் கதவை இழுத்துச் சாத்தி முதுகால் அணைத்துக்கொண்டு நின்றார். தொலைபேசியில் ரயிலில் இருந்தவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கவேண்டும்.

“என்ன அது?”

“காத்து. கதவு.”

“சனம் கனக்கவோ?”

“ஓம். மண்டபம் நிறைஞ்சிருக்கு. பிள்ளையளும் இருக்குதுகள்.”

ரயிலில் மறுபடியும் யாரோ இருமினார்கள். பிறகு அவர் சொன்னார், ஒரு வீட்டில் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் மூத்தவரின் குரலில்: “மூடச் சொல்லுங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ. காத்துக்கை சனத்தை வைச்சுக்கொண்டு நிக்கவேண்டாம்.”

தொலைபேசியை அவர்தான் முதலில் வைத்தார்.

நான் சொன்னேன். முதலில் மனைவியிடம், தமிழில். பிறகு மூடியருகே நின்றவர்களிடம், ஜெர்மனில். மனைவி நெற்றியில் ஒருமுறை முத்தமிட்டுவிட்டு விலகினார். மூடியைப் போட்டு ஆறு திருகாணிகளையும் முடுக்கினார்கள்.

குழிவரை போனது விரைவான நடை. ஓட்டம் என்றும் சொல்லலாம். அலுவலர் மரங்கள் இல்லாத பாதையில், பழைய சிறு கல்லறைகளுக்கு நடுவால் சுற்றி அழைத்துப் போனார். பாதிரியாரின் வெள்ளை உடுப்பு தலைக்கு மேலே எழுந்தது. இருவர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அவர் செபித்தது முன்வரிசைக்கே கேட்கவில்லை, ஆமென் சொல்லவேண்டிய இடத்தை வாயசைவைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். போட்ட மண்ணில் பாதி எங்கள் சப்பாத்துக்கே திரும்பி வந்தது. மலர்வளையங்களை வைக்கவேண்டாம், பறந்து யாரையாவது அடிக்கும் என்றார் அலுவலர். அவற்றைக் கருவிக் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

குளிர்காற்றின் முகப்பு வந்தபோது நாங்கள் இறந்தவரின் மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். மேற்கே கருநீலமான ஒரு சுவர் எழுந்து வந்தது, அதன் அடி வெளிறியிருந்தது. தெருவிளக்குகள் பகலில் எரிந்தன. மழை விழவில்லை, பக்கவாட்டில் ஓடியது. பிறகு ஆலங்கட்டி. காலையின் இளஞ்சூடு சில நிமிடங்களில் போய், சன்னல் கண்ணாடி தொட முடியாதபடி குளிர்ந்தது. எதிர்க் கட்டடத்துக் கூரை ஓடுகள் வரிசையாக எழும்பி, சீட்டுக்கட்டு சரிவதுபோல் கீழே இறங்கின. ஒருவரும் சன்னலோரம் நிற்கவேண்டாம் என்று பிள்ளைகளை உள் நடையில் இருத்தினோம். பால்கனியில் இறந்தவர் உட்காரும் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் இருந்தன. அவற்றை உள்ளே எடுக்க எல்லாரும் மறந்திருந்தோம். ஒன்று போய்விட்டது.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சமைத்துக் கொண்டுவருவதாகச் சொன்ன குடும்பம் பீலஃபெல்டில் மாட்டிக்கொண்டது; நெடுஞ்சாலையில் லொறிகள் கவிழ்ந்து கிடந்தன. யாரும் புறப்பட முடியாது. கடைசியில் இறந்தவரின் மனைவியே எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் வைத்தார். ஒருத்தரும் தடுக்கவில்லை. பசித்த பிள்ளைகளுக்குச் சோறும் முட்டைப் பொரியலும் கிடைத்தன.

எங்களில் யாருக்கும் காயமில்லை. அடுத்த நாள் நான் சேமக்காலை வேலியோரம் நின்று பார்த்தேன். ஆண்கள் நின்ற மூன்று ஊசியிலை மரங்களும் அப்படியே நின்றன. வாயிலருகே ஓர் எல்ம் மரமும் உள்பாதையில் நாலைந்து பேர்ச் மரங்களும் வேரோடு கிடந்தன. பிற்பகலில் அடக்கம் நடந்திருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மூடியது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அவருடைய அக்காவை ஏற்றிய ரயில் அந்த வயல்வெளியிலிருந்து முன்னால் வரவேயில்லை. மக்டபேர்க்குக்குத் திருப்பிக் கொண்டுபோய், அங்கே நிலையத்து மண்டபத்தில் எல்லாரையும் இருத்தி, போர்வையும் தேநீரும் கொடுத்தார்களாம். அனுமதி முடிந்துவிட்டதே என்று அவர் பயந்து ஒரு பொலிஸ்காரரிடம் போய்க் காகிதத்தைக் காட்டியிருக்கிறார். அந்த ஆள் ஒன்றும் விளங்காமல் இன்னொரு போர்வை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் மாலை விடுதிக்குத் திரும்பியதும் அழைத்தார். மச்சாளோடு கொஞ்சம் பேசினார்; யார் யார் வந்தார்கள், சாப்பாடு என்ன செய்தீர்கள். பிறகு என்னைக் கேட்டார். நான் மேலே போகப் படியில் நின்றவன் திரும்பி வந்து தொலைபேசியை வாங்கினேன்.

“தம்பி, இன்னொருக்காச் சொல்லுவியளே?”

நான் அதே ஒழுங்கில் சொன்னேன். தலைமயிர், நெற்றி, புருவத்துக் கோடு, நூலளவு திறந்த கண். அவர் குறுக்கிடவில்லை. கழுத்துப் பொத்தானோடு முடித்தேன்.

“காது?” என்றார்.

“என்னக்கா?”

“வலக்காது. குளிப்பாட்டேக்கை தண்ணி போகக்கூடாதெண்டு நான் பொத்திப் பிடிக்கிற காது. அடியிலை ஒரு சின்ன மச்சம். அதைச் சொல்லேல்லை.”

நினைத்துப் பார்த்தேன். தலையணையின் வெள்ளைத் துணி அந்தப் பக்கம் உயர்ந்திருந்தது. துணிதான் நினைவில் வந்தது.

“அதை நான் பாக்கேல்லையக்கா.”

“ஓ” என்றார். விடுதியில் யாரோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது. “பரவாயில்லை. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”